அர்வரி ஆற்றோடு ஆறு நாள்

முதல் நாள்: பீகம்புரா

டெல்லியில் விடியற்காலை ரயில் ஏறி ராஜஸ்தானின் அல்வரில் இறங்கியபோது வெயில் இன்னும் ஏறவில்லை. அங்கிருந்து தானாகாஜி போகிற பஸ். வழியில் நெடுந்தூரம் சரிஸ்கா காட்டை ஒட்டியே சாலை போகிறது. ஜன்னல் பக்கம் மயில்கள், குரங்குகள், ஓரிடத்தில் புள்ளிமான் கூட்டம். ஆரவல்லிக் குன்றுகள் அத்தனை உயரமில்லை, ஆனால் ஒன்று முடிந்தால் அடுத்தது வந்துகொண்டே இருக்கிறது. சரிவு முழுக்க இலை உதிர்ந்த தோக் மரங்கள் பழுப்பாக நிற்கின்றன. கீழே கோதுமை பச்சை. கடுகு முற்றி அறுவடைக்குக் காத்திருக்கிறது.

மழைக்காலத்தில் எந்த ஆறும் அழகாகத்தான் இருக்கும். மழை நின்று ஐந்து மாதம் ஆன பிறகு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதற்காகவே பிப்ரவரிக் கடைசியில் வந்திருக்கிறோம். நானும் என் தோழியும். அவளுக்கு இந்தி நன்றாக வரும், எனக்குப் பாதிதான் புரியும். ஆற்றின் பெயர் அர்வரி. பல பத்தாண்டுகள் வறண்டு கிடந்து, 1990களில் மீண்டும் ஓடத் தொடங்கிய சின்ன ஆறு. இந்த வேலையை ஊர் மக்களோடு சேர்ந்து செய்தது தருண் பாரத் சங் என்ற தொண்டு அமைப்பு. 1975இல் ஜெய்ப்பூரில் பல்கலைக்கழக வளாகத்தில் தொடங்கியது. அதன் ஆசிரமம் இருக்கும் பீகம்புராவில்தான் இன்று இரவு தங்கியிருக்கிறோம்.

சாயங்காலம் வேப்ப மரத்தடியில் ஒரு மூத்த ஊழியர் எங்களோடு பேசிக்கொண்டிருந்தார். முப்பது வருடத்துக்கு மேல் இங்கே இருப்பவர். ஆற்றுக்குள் இறங்கி என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டேன். ஆற்றுக்குள் ஒன்றுமே செய்யவில்லை என்றார். பிறகு வலது கையை விரித்து எங்கள் முன்னால் நீட்டினார். விரல்கள் ஓடைகள், மணிக்கட்டு ஆறு. வேலை எல்லாம் விரல் நுனியில் என்று சொல்லி, ஒவ்வொரு நுனியையும் மற்றக் கையால் தொட்டுக் காட்டினார்.

இங்கே ஆண்டு மழை சுமார் 600 மில்லிமீட்டர். ஏறக்குறைய எல்லாமே ஜூலை முதல் செப்டம்பர் வரை கொட்டி முடிந்துவிடும். மிச்சமுள்ள ஒன்பது மாதமும் அந்த மூன்று மாத மழையை எங்கே பிடித்து வைத்தார்கள் என்பதைப் பொறுத்தது. நாளை முதல் அதைப் பார்க்கத்தான் போகிறோம். குளிர் நன்றாகவே இருக்கிறது. இரண்டு போர்வை கொடுத்திருக்கிறார்கள்.


இரண்டாம் நாள்: கோபால்புரா

எல்லாம் தொடங்கிய ஊர் இது.

1985 அக்டோபர் 2ஆம் தேதி தருண் பாரத் சங்கைச் சேர்ந்த ராஜேந்திர சிங்கும் நான்கு நண்பர்களும் கையில் பையோடு பஸ்ஸில் கிளம்பிக் கடைசி நிறுத்தமான கிஷோரியில் வந்து இறங்கினார்கள். அவர் ஆயுர்வேதம் படித்தவர். வைத்தியம் பார்க்கலாம், பள்ளிக்கூடம் நடத்தலாம் என்பதுதான் அவருடைய எண்ணம். அப்போது இந்தப் பக்கம் தொடர் வறட்சி. கிணறுகள் வற்றி, வேலை செய்யக்கூடிய ஆண்கள் டெல்லிக்கும் அகமதாபாத்துக்கும் போய்விட்டிருந்தார்கள். ஊரில் மிச்சம் இருந்தவர்கள் கிழவர்களும் பெண்களும் குழந்தைகளும்தான். கோபால்புராவைச் சேர்ந்த மாங்கு மீணா என்ற பெரியவர், மருந்தும் பள்ளிக்கூடமும் அப்புறம் இருக்கட்டும், தண்ணீருக்கு வழி பார் என்று சொல்லிவிட்டார். தூர்ந்து கிடந்த பழைய ஜோஹட் ஒன்றைக் காட்டித் தோண்டச் சொன்னார். படித்த பையன்கள் மண்வெட்டியைக் கையில் எடுத்தது அப்படித்தான்.

ஜோஹட் என்பது பிறை வடிவத்தில் எழுப்பிய மண்கரை. மூன்று பக்கம் கரை, மேட்டுப் பக்கம் திறப்பு. சரிவில் இறங்கி வரும் மழைநீர் அந்தத் திறப்பு வழியாக உள்ளே வந்து நிற்கும். கரைக்கு வேண்டிய மண்ணை உள்வாயிலிருந்தே வெட்டி எடுப்பதால் குழியும் ஆழமாகும், கரையும் உயரும். எந்த இடத்தில் எவ்வளவு உயரம், மிகுந்த நீர் வெளியேறும் மறுகால் எந்தப் பக்கம் என்று கணிப்பவர்களுக்கு இங்கே கஜ்தர் என்று பெயர். கஜக்கோல் ஏந்தியவர் என்று பொருள். ஏட்டுப் படிப்பு கிடையாது. மழை நாளில் சரிவில் நின்று நீர் போகிற போக்கைப் பார்த்துப் பழகிய கண்தான் அவர்களின் படிப்பு.

கரை மேல் ஏறி நின்றபோது உள்ளே தண்ணீர் கொஞ்சம்தான் இருந்தது. ஒரு மூலையில் எருமைகள் கிடந்தன. இவ்வளவுதானா என்று முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். கூட வந்த ஊர்க்காரர், தண்ணீரை இங்கே தேடாதீர்கள், கிணற்றில் தேடுங்கள் என்று சொல்லி எங்களைக் கரைக்கு மறுபக்கம் இறக்கினார். அங்கே வெளிச்சரிவின் அடியில் ஒரு முழ அகலத்துக்கு நிலம் கறுத்திருந்தது. அருகம்புல் தழைத்திருந்தது. உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். சில்லென்று ஈரம். கையை எடுத்ததும் என் விரல் பதிந்த பள்ளங்களில் மெல்ல நீர் கோத்தது. செப்டம்பரில் பெய்த மழை.

ஜோஹட்டின் வேலையே இதுதான். தேங்கிய நீர் மண்ணுக்குள்ளும், அடியில் இருக்கும் பாறையின் வெடிப்புகளுக்குள்ளும் இறங்கி, நிலத்தடியில் மெல்ல நகர்ந்து போகும். மேலே நின்றால் வெயில் குடித்துவிடும், கீழே போனால் வெயில் தொட முடியாது. அப்படிப் போகிற நீர் முதலில் கிணறுகளை உயர்த்துகிறது. கிணறுகளின் மட்டம் ஆற்றுப் படுகையின் மட்டத்தைத் தாண்டும்போது ஆற்றில் ஊற்றெடுக்கிறது. நேற்று அந்தப் பெரியவர் கையை விரித்துக் காட்டியதன் அர்த்தம் இன்றுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

மத்தியானம் ஒரு வீட்டில் எங்களை உட்கார வைத்துக் கம்பு ரொட்டியும் மோரும் கொடுத்தார்கள். அந்த வீட்டு அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். முக்காட்டைச் சற்று விலக்கிக்கொண்டு, வா, ஒன்று காட்டுகிறேன் என்று என் தோழியின் கையைப் பிடித்து இழுத்துப் போனார். வீட்டுக்குப் பின்னால் கிணறு. அதன் விளிம்புக் கல்லில் விரல் புதையும் அளவுக்குப் பள்ளம் பள்ளமாகத் தடங்கள். கயிறு உரசி உரசி அறுத்தவை. கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு கயிறு போதுமாம். பிறகு இரண்டு கயிற்றை முடிச்சுப் போட்டுச் சேர்த்தார்களாம், பிறகு மூன்று. அந்த முடிச்சு இந்தக் கல்லைத் தாண்டும்போது ஒரு குலுக்கு குலுக்கும், குடத்தில் பாதி தளும்பிக் கிணற்றிலேயே விழுந்துவிடும் என்றார். அப்புறம் மூன்று கயிறும் எட்டாமல் போனது. கோடையில் விடிவதற்கு முன்னால் கிளம்பி அடுத்த ஊர்க் கிணற்றுக்கு நடந்திருக்கிறார்.

இப்போது எத்தனை கயிறு என்று தோழி கேட்டாள். இப்போது யார் இழுக்கிறார்கள், மோட்டார்தான் என்று சிரித்தார். பிறகு, நாங்கள் கேட்டதற்காகவே ஒரு சின்னக் கல்லை எடுத்துக் கிணற்றுக்குள் போட்டார். சத்தம் உடனே வந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொடக்க காலத்தில் இந்த ஊர்க் கரைக்கு அரசுத் தரப்பிலிருந்து நோட்டீஸ் வந்தது. 1954ஆம் ஆண்டின் நீர்ப்பாசன, வடிகால் சட்டப்படி அனுமதி இல்லாமல் கட்டியது என்றார்கள். தங்கள் நிலத்தில் விழுகிற மழையைத் தாங்களே தடுத்து நிறுத்துவது எப்படிக் குற்றமாகும் என்று ஊர் கேட்டது. கரை நின்றது, பக்கத்து ஊர்களும் கட்டத் தொடங்கின. மழைநீர் யாருக்குச் சொந்தம் என்பதைச் சட்டப் புத்தகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பதை இன்று வரை என்னால் ஏற்க முடியவில்லை.


மூன்றாம் நாள்: பாவ்ந்தா – கோல்யாலா

ஆற்றின் தலைக்குப் போனோம். பாவ்ந்தா, கோல்யாலா இரண்டும் ஒட்டியிருக்கும் ஊர்கள், மலையடிவாரம். ஜீப் ஓரளவுக்குத்தான் போகும், அப்புறம் நடை. இங்கே மக்கள் முதலில் மலை மேலே சின்னச் சின்னத் தடுப்புகள் போட்டார்கள், பிறகு படிப்படியாகக் கீழே இறங்கி வந்தார்கள். அந்த வரிசை முக்கியம் என்றார் எங்களைக் கூட்டிப் போன இளைஞர். கீழே ஒரு பெரிய கரையை மட்டும் கட்டினால் மேலிருந்து வரும் வெள்ளத்தின் முழு வேகமும் அதன் மேல் விழும், வண்டலும் அதிலேயே வந்து நிறையும். மேலே ஐம்பது இடத்தில் தண்ணீரை நடக்க வைத்துவிட்டால் கீழே அது ஓடி வராது. தண்ணீரை நடக்க வைப்பது. இந்த வார்த்தைகளை இந்தப் படுகையில் பல பேர் வாயில் கேட்டுவிட்டேன்.

ஏறும் வழியில் கல்லை அடுக்கி வைத்த குறுக்குச் சுவர்கள். சிமெண்ட் எதுவும் இல்லை. முழங்கால் உயரம், சில இடங்களில் இடுப்பளவு. ஒவ்வொன்றுக்கும் பின்னால் மண் சேர்ந்து, அந்த மண்ணில் புல் முளைத்திருக்கிறது. மேலே போகப் போகத் தோக் மரம் அடர்கிறது. பாறையில் வேர் பிடித்து வளரும் மரம், வெட்டினாலும் தூரிலிருந்து தழைக்கும். ஆடுமாடு மேயாமல் விட்டால் போதும் என்கிறார்கள். அதைத்தான் இங்கே செய்திருக்கிறார்கள். பச்சைக் கிளையை வெட்டக் கூடாது, கோடரியோடு காட்டுக்குள் போகக் கூடாது என்று ஊரே கூடிக் கட்டுப்பாடு போட்டது. 1990களில் இந்தக் காட்டை பைரோன் தேவ் மக்கள் வனவிலங்குச் சரணாலயம் என்று ஊர்க்காரர்களே அறிவித்தார்கள்.

எத்தனையோ இடங்களில் ஆற்றைக் காப்பாற்றக் கிளம்பியவர்கள் காட்டைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். இங்கே நடந்ததைப் பின்னோக்கிப் படித்தால் காடு அழிந்ததிலிருந்துதான் கதை தொடங்குகிறது. சமஸ்தான ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் மரங்கள் குத்தகைக்குப் போயின. மொட்டைக் குன்றிலிருந்து மண் இறங்கி ஜோஹட்டுகளைத் தூர்த்தது. கிணறுகள் வற்றின, மக்கள் வெளியேறினார்கள், கரைகளைப் பழுது பார்க்க ஆளில்லை. ஒன்றோடொன்று பின்னிய சங்கிலி இது. அவிழ்ப்பதற்கும் எல்லா முனையையும் சேர்த்துத்தான் பிடித்திருக்கிறார்கள்.

இன்று எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் ஒரு சொல். ஓடைக்குக் குறுக்கே கல்லும் காரையும் வைத்துக் கட்டிய சின்ன அணை ஒன்றின் மேல் நின்றுகொண்டிருந்தோம். தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். இதை என்னவென்று சொல்வீர்கள் என்று தோழி கேட்டாள். அவர் சாதாரணமாக, ஏனிகட் என்றார். எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. நம்முடைய அணைக்கட்டு! காவிரிக் கரையில் கல்லணையைப் பார்த்துக் கற்றுக்கொண்ட வெள்ளைக்காரப் பொறியாளர்கள் அந்தச் சொல்லையும் எடுத்துத் தங்கள் மொழியில் போட்டுக்கொண்டார்கள். அது அரசாங்கக் காகிதங்கள் வழியாக ராஜஸ்தான் வரை வந்து, ஆரவல்லி மலையில் ஆடு மேய்க்கிற ஒருவரின் நாக்கில் இருக்கிறது. இது எங்கள் ஊர்ச் சொல் என்று அவரிடம் சொல்லச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அப்படியானால் நீங்களும் தண்ணீர் கட்டுகிறவர்களா என்று கேட்டார். ஆமாம் பாபா என்றேன், எங்கள் முன்னோர்கள் கட்டினார்கள். அதற்கு மேல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மலையிலிருந்து இறங்கும்போது ஓடையில் ஓரிடத்தில் நீர் ஓடுகிற சத்தம் கேட்டது. விரல் தடிமனில் ஒரு கசிவு, பாறை இடுக்கிலிருந்து. இந்த இரண்டு ஊர்களுக்கும் 2000 மார்ச்சில் அப்போதைய குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் நேரில் வந்து விருது கொடுத்தார். சிறந்த சுற்றுச்சூழல் பணி செய்த கிராம சமூகத்துக்கான விருது. அத்தனை பெரிய விருந்தாளியை இந்தப் பக்கம் வரவழைத்தது இந்த விரல் தடிமன் நீர்தான்.


நான்காம் நாள்: மண் சுமந்த நாள்

இன்று அதிகம் எழுத முடியாது, தோளும் கழுத்தும் வலிக்கின்றன.

பக்கத்து ஊர் ஒன்றில் போன மழையில் கரைந்துபோன கரையைச் சரி செய்கிறார்கள். நாங்களும் வரலாமா என்று கேட்டதற்கு, வாருங்கள், சட்டி இருக்கிறது என்றார்கள். ஆண்கள் உள்வாயில் வெட்டிச் சட்டியில் போட, பெண்கள் தலையில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். ஒரு பெண் தன் சும்மாட்டை எனக்குக் கொடுத்தார். இங்கே அதற்கு இந்தோணி என்று பெயர். பழந்துணியைச் சுருட்டி, மேலே வண்ண நூல் சுற்றி, ஓரத்தில் சின்னச் சின்னக் குஞ்சங்கள் வைத்துத் தைத்திருக்கிறார். மண் சுமக்கிற வேலைக்கு இத்தனை அழகாக ஒன்றைச் செய்து வைத்துக்கொள்ளத் தோன்றியிருக்கிறதே என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு வரிசை மண் விழுந்ததும் தண்ணீர் தெளித்து இடிக்கிறார்கள். பிறகு அடுத்த வரிசை. ஒரேயடியாகக் கொட்டிவிட்டால் முதல் மழையிலேயே உள்ளுக்குள் பொந்து விழுந்து கரை உடையும். இருபது நடை போனேன். எனக்கு முன்னால் போன பெண் நூறு நடையாவது போயிருப்பார், இடையிடையே கரையோரம் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையையும் பார்த்துக்கொண்டார்.

தருண் பாரத் சங்கத்தின் வேலைமுறையில் நான் மிகவும் மதிக்கும் விஷயம் இது. ஊர் தன் பங்கைப் போடாமல் எந்தக் கரையும் எழும்பாது. முதலில் கிராம சபை கூட வேண்டும், இடத்தை ஊர் முடிவு செய்ய வேண்டும், செலவில் ஒரு பங்கை உழைப்பாகவோ பணமாகவோ தானியமாகவோ தர வேண்டும். மிச்சத்துக்குத்தான் அமைப்பு பணம் திரட்டும். இலவசமாகக் கட்டிக் கொடுத்த எத்தனையோ தடுப்பணைகள் பராமரிக்க ஆளில்லாமல் உடைந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். தன் தலையில் சுமந்த மண் கரைந்தால் அடுத்த வாரமே வந்து நிற்பார்கள். இன்று வந்து நின்றார்கள்.


ஐந்தாம் நாள்: ஹமீர்புர்

காலையில் போகிற வழியில் கைவிடப்பட்ட சுரங்கம் ஒன்றைப் பார்த்தோம். குன்றின் பாதி இல்லை. செங்குத்தாக வெட்டிய வெள்ளைச் சுவர்கள், அடியில் பச்சை நிறத்தில் நிற்கும் நீர். சரிஸ்காவைச் சுற்றி இப்படி நூற்றுக்கணக்கான சுரங்கங்கள் பளிங்குக்காகவும் டோலமைட்டுக்காகவும் ஓடிக்கொண்டிருந்தன. நல்ல மழை பெய்தும் சில ஜோஹட்டுகளில் தண்ணீர் நிற்கவில்லை. ஏன் என்று தேடிப் போனபோதுதான் பக்கத்துச் சுரங்கக் குழி அந்த நீரை உறிஞ்சுகிறது என்று ஊர்க்காரர்கள் கண்டுபிடித்தார்கள். 1991இல் தருண் பாரத் சங் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. காப்புப் பகுதிக்குள் இருந்த சுரங்கங்கள் மூடப்பட்டன. அந்த நாட்களில் வழக்குப் போட்டவர்கள் மேல் தாக்குதலும் நடந்தது. கரை கட்டுவதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் எல்லோருக்கும் நல்லவர்களாக இருந்திருக்கலாம்.

ஹமீர்புரில் ஆற்றைப் பார்த்தோம். அர்வரியை ஆறு என்று சொல்லும் அளவுக்கு அகலமாக இன்றுதான் பார்க்கிறேன். ஏனிகட்டுக்கு மேல் பக்கம் தெளிந்த நீர் நின்றது. அடியில் கூழாங்கல் தெரிந்தது. கரையோரம் கொக்குகள், ஒரு மீன்கொத்தி. தண்ணீருக்குள் பெரிய மீன்கள் பயமில்லாமல் சுற்றின.

இந்த மீன்களால்தான் அடுத்த கதை. ஆறு ஓடத் தொடங்கி மீன் பெருகியதும், 1996இல் அரசு மீன்பிடிக் குத்தகை விட்டது. வறண்டு கிடந்தபோது யாரும் எட்டிப் பார்க்காத ஆறு, நீர் வந்ததும் அரசுச் சொத்தாகிவிட்டது. ஊர் மக்கள் விடவில்லை, போராடிக் குத்தகையை ரத்து செய்ய வைத்தார்கள். ஆனால் இன்றைக்கு மீன், நாளைக்கு மணல், அதற்கு அடுத்த நாள் தண்ணீர் என்று வந்தால் என்ன செய்வது? ஒவ்வொரு ஊரும் தனித்தனியாக நின்றால் முடியாது. அப்படித்தான் 1990களின் கடைசியில் அர்வரி சன்சத் பிறந்தது. ஆற்றின் நாடாளுமன்றம். படுகையின் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களின் பிரதிநிதிகள் அதில் உறுப்பினர்கள்.

அதில் உறுப்பினராக இருந்த ஒரு விவசாயியின் களத்தில் உட்கார்ந்து வெகு நேரம் பேசினோம். கரும்பும் நெல்லும் போடக் கூடாது. சுரங்கம் கூடாது. தண்ணீரை வெளியே விற்கக் கூடாது. வேட்டை கூடாது. ஹோலி முடிந்த பிறகு மழை வரும் வரை ஆற்றிலிருந்து நேராக நீர் இறைக்கக் கூடாது. விரல் விட்டு எண்ணிக்கொண்டே சொன்னார். ஹோலிக்கு இன்னும் சில நாட்கள்தான் இருக்கின்றன.

மீறினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. சட்டப்படி இந்தச் சபைக்கு எந்த அதிகாரமும் கிடையாது. போலீஸ் கிடையாது, கோர்ட் கிடையாது. பத்துப் பேர் வீட்டு வாசலில் வந்து உட்காருவோம், அவ்வளவுதான் என்றார். முன்பெல்லாம் அது போதுமாக இருந்தது. இப்போது ஆழ்துளைக் கிணறு போட்டு மோட்டாரை இறக்கிவிட்டால் யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று வெளியே தெரிவதில்லை. கரையில் நின்று ஆற்றில் இறைப்பவனைப் பார்த்துக் கேட்கலாம். இருநூறு அடி ஆழத்தில் இறைப்பவனை எப்படிக் கேட்பது? அவருடைய மகனும் போர் போட்டிருக்கிறான் என்பதைக் கடைசியில் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவனைக் கேட்டால், பக்கத்து வயலில் போட்டிருக்கிறான், நான் போடாவிட்டால் என் கிணறு வற்றுமே என்கிறானாம்.

ராஜேந்திர சிங்குக்கு 2001இல் மகசேசே விருது, 2015இல் ஸ்டாக்ஹோம் நீர் விருது. செய்திகள் பெரும்பாலும் ஆறு திரும்பி வந்த அதிசயத்தோடு முடிந்துவிடுகின்றன. எனக்கு இந்தக் களத்தில் உட்கார்ந்திருந்த நேரம்தான் இந்தப் பயணத்தின் மையம். மண்ணைச் சுமந்து ஆற்றைக் கொண்டு வந்தவர்கள், வந்த ஆற்றைப் பங்கு போட்டுக்கொள்ள ஒரு சபையையும் தாங்களே உண்டாக்கியிருக்கிறார்கள். முதல் வேலைக்கு உடம்பு வேண்டும். இரண்டாவது வேலைக்கு ஒவ்வொரு வருடமும், ஒவ்வொரு ஹோலிக்கும், தன் மகனிடமே போய்ப் பேசுகிற மனது வேண்டும். இந்த விவசாயி அதைச் செய்துகொண்டிருக்கிறார், அடுத்த கூட்டத்தில் போர் விஷயத்தை எடுக்கப் போவதாகச் சொன்னார். மகன் வருவானா என்றதற்கு, கூட்டிக்கொண்டு வருவேன் என்றார்.


ஆறாம் நாள்: கீழே, மணலோடு

கடைசி நாள். ஆறு போகிற பக்கமே கீழே போனோம், சைந்தல் சாகர் அணையைப் பார்த்துவிட்டு அப்படியே தவுசாவுக்குப் போய் ரயில் ஏறுவதாகத் திட்டம்.

ஹமீர்புரைத் தாண்டிச் சிறிது தூரத்தில் நீர் மறைந்துவிட்டது. அப்புறம் மணல். இடையிடையே ஒரு குட்டை, மறுபடி மணல். எதிர்பார்த்துத்தான் வந்தேன், இருந்தாலும் மனசு கொஞ்சம் கனத்தது. மேலே அத்தனை கரைகளில் தடுத்து நிறுத்தினால் கீழே என்ன வரும் என்ற கேள்வி நியாயமானதுதான். சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தப் படுகையில் வந்து தங்கி ஆராய்ந்திருக்கிறார்கள். ஜோஹட்டுகள் நிலத்தடி நீரைக் கூட்டுகின்றன என்பதை அவர்கள் உறுதி செய்தார்கள். அதே சமயம் ஆற்றில் கீழ்நோக்கிப் போகும் நீர் குறைகிறது, ஓர் அளவுக்கு மேல் கட்டிக்கொண்டே போனால் நிலத்தடியில் கூடுதல் பலன் இருக்காது என்றும் சொன்னார்கள். ஆசிரமத்தில் இதைப் பற்றிக் கேட்டபோது அந்த மூத்த ஊழியர் மறுக்கவில்லை. ஒவ்வொரு ஓடைக்கும் ஒரு கணக்கு உண்டு, பேராசைப்பட்டு மேலேயே எல்லாவற்றையும் கட்டிவிடக் கூடாது, கீழ் ஊர்களும் சன்சத்தில் உட்கார வேண்டும் என்பது அதனால்தான் என்றார். மேல் ஊரும் கீழ் ஊரும் ஒரே கூடத்தில் முகம் பார்த்துப் பேசுகிற ஏற்பாடு வேறெந்தப் படுகையில் இருக்கிறது என்று யோசித்துப் பார்க்கிறேன். பெரிய ஆறுகளுக்கு நடுவர் மன்றம்தான் இருக்கிறது.

பத்து மணி வாக்கில் ஆற்றின் நடு மணலில் ஒரு பையன் ஆடுகளோடு நின்றதைப் பார்த்து ஜீப்பை நிறுத்தச் சொன்னோம். பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். மண்டியிட்டு இரண்டு கையாலும் மணலை வாரிப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தான். நாங்கள் பக்கத்தில் போய் நின்றதைக் கண்டுகொள்ளவே இல்லை. முழங்கை ஆழம் போனதும் மணலின் நிறம் மாறியது. இன்னும் கொஞ்சம் தோண்டினான். பக்கவாட்டிலிருந்து மணல் சரிய, அதைக் கையால் அணைத்துச் சுற்றிலும் ஒரு சின்னக் கரை கட்டினான். பிறகு கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தான். கலங்கலாக நீர் ஊறி வந்தது. அதை ஒருமுறை வாரி வெளியே கொட்டினான், இரண்டாவது முறையும் கொட்டினான். மூன்றாவது முறை ஊறியது தெளிந்திருந்தது. முதலில் தான் குடித்தான். பிறகு தோழியைப் பார்த்துத் தலையசைத்தான். அவள் குடித்தாள், நானும் ஒரு கை அள்ளிக் குடித்தேன். குளிர்ந்திருந்தது. மணல் வாசனை லேசாக இருந்தது.

எங்கே மழை பெய்து வந்த தண்ணீர் இது என்று அவனிடம் கேட்கச் சொன்னேன். அவன் திரும்பி, நாங்கள் வந்த திசையில், ஆரவல்லிக் குன்றுகள் மங்கலாகத் தெரிந்த பக்கம் மோவாயால் காட்டினான். அப்புறம் நாக்கைச் சொடுக்கி ஆடுகளைக் கூப்பிட்டான். குட்டி ஆடுகளை முன்னால் விட்டு, பெரியவற்றைக் கொம்பைப் பிடித்துப் பின்னால் நிறுத்தினான். குழி சிறியது, ஒரு நேரத்தில் இரண்டு வாய்க்குத்தான் இடம். இரண்டு குடித்து விலகியதும் நீர் மறுபடி ஊறும் வரை அடுத்த இரண்டையும் பிடித்து வைத்திருந்தான்.

எல்லா ஆடுகளும் குடித்து முடிக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஜீப்காரர் ரயிலுக்கு நேரமாகிறது என்று இரண்டு முறை சொன்னார். கடைசி ஆடு குடித்து முடித்த பிறகுதான் எழுந்து போனோம்.